நின்ற கடிகாரமும் மாட்டுண்ணியும்

நிழற்பட ஆல்பம் இல்லாத இல்லம் நம்மிடையே அரிது. மணவிழாப் படங்கள், பெயர்சூட்டு விழாப் படங்கள், ஹஜ்ஜுக்குப் புறப்படுவோர் வாசலில் நின்று விடைபெறும் படங்கள் என முகங்களுக்கு அங்கே பஞ்சமே இல்லை. ஆனால், அம்முகங்கள் எல்லாம் நாள்தோறும் நிமிர்ந்து நோக்கிய கூடத்துக் கடிகாரத்தை எவரேனும் தனியே படம் எடுத்து வைத்துள்ளனரா? வாசற் கதவின் தாழ்ப்பாளை? தொழுவத்துப் பசுவின் காதில் ஒட்டிக் கிடந்த உண்ணியை? 'இவையெல்லாம் படம் எடுக்கத் தக்க பொருள்களா?' என நகைப்போர் உளர். அந்நகைப்பு நியாயமானதுதானா என்பதையே இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

ஆராய்ச்சிக்கு வாய்ப்பளித்தவர் நெல்லிக்குப்பத்து இளைஞர் ஒருவர். கடலூருக்கும் பண்ருட்டிக்கும் இடையே கரும்பு வயல்கள் சூழ அமைந்த ஊர் அது. இந்தியாவின் முதல் சர்க்கரை ஆலை எனப் போற்றப்படும் பாரி நிறுவனத்தின் ஆலை 1842இல் தொடங்கப்பெற்றது அவ்வூரில்தான். அவ்வூர் இளைஞர், தாம் கைப்பேசியால் எடுத்த படங்களுள் நாற்பத்தொன்றைத் தாளில் அச்சிட்டு, ஒரு குறிப்பேட்டில் ஒட்டி நம்மிடம் கொணர்ந்தார். தம் பெயரை வெளியிடலாகாது என்றும், குறைகளைத் தயக்கமின்றிக் கூற வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். இரண்டுக்கும் இசைந்தோம்.

குறிப்பேட்டைத் திறந்தவுடன் வியந்தோம். ஒரு முகமேனும் அதில் இல்லை. பதினொரு படங்கள் கடிகாரங்கள். ஆறு படங்கள் உண்ணிகள். எஞ்சியவை பூட்டு, முறம், தூக்குச் சட்டி, கரும்பு வெட்டும் கத்தி, மண்ணெண்ணெய் அடுப்பு முதலியன. "ஏன் தம்பி, மனிதர்களே இல்லையே?" என்று வினவினோம். "பழைய வீட்டை இடிக்கிறப்போ ஆல்பத்தைத் தேடிப் பார்த்தோம், மாமு. எல்லாரும் இருந்தாங்க. வீடு மட்டும் இல்லை" என்றார். திறனாய்வாளர் பத்துப் பக்கம் எழுதியும் உணர்த்த இயலாததை அவ்விடை உணர்த்திற்று.

எளிய பொருளைப் படம் எடுப்பது புதுமை மோகம் என்பாருக்கு நிழற்படக் கலையின் வரலாற்றை நினைவூட்டுதல் வேண்டும். இக்கலையின் வேர், ஒளி நேர்க்கோட்டில் செல்லும் என்பதை இருட்டறைச் சோதனைகளால் ஆராய்ந்த அறிஞர்களிடம் உள்ளது. அவர்களுள் தலையாயவர் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் இயற்றிய 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஒளியியல் நூல் மேலைநாட்டு அறிஞர்க்கும் வழிகாட்டியாயிற்று. அவர் தம் சோதனைக்குக் கைக்கொண்டவை மாளிகைகளும் மன்னர்களும் அல்ல. சாதாரண விளக்குகளும் சுவரில் ஒரு துளையுமே.

பின்னர், தாளில் நிழற்படம் பதிக்கும் முறையைக் கண்ட ஆங்கிலேயர் டால்பட், 1844 முதல் 1846 வரை 'இயற்கையின் எழுதுகோல்' என்னும் பொருள்படும் நூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். அதில் இருபத்து நான்கு படங்கள். அவற்றுள் புகழ் பெற்ற ஒன்றில், திறந்த கதவின் அருகே ஒரு துடைப்பம் சாய்ந்து நிற்கின்றது. மற்றொன்றில் பீங்கான் பாத்திரங்கள் அடுக்கப்பட்டுள்ளன. அப்பாத்திரங்கள் களவு போனால் இப்படம் வழக்கு மன்றத்தில் சான்றாகுமே என்பது அவர் எழுப்பிய சிந்தனை. அதற்கும் முன்பே, ஏறத்தாழ 1840இல், உருப்பெருக்கியின் துணையால் பூச்சிகளின் இறகுகளையும் அவர் படமாக்கினார். ஆகவே துடைப்பமும் பாத்திரமும் பூச்சியிறகும் இக்கலையின் ஓரத்தில் வந்து ஒட்டிக்கொண்டவை அல்ல. இக்கலை அவற்றோடுதான் பிறந்தது.

நம் நாட்டில் கதை வேறாயிற்று. காமிரா இங்கே அரசின் கையோடு வந்தது. சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராக அமர்த்தப்பட்ட கேப்டன் டிரைப் என்பார், 1858இல் மதுரை, தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை ஆகிய இடங்களில் எடுத்த படங்கள் இன்றும் வியக்கத் தக்கவை. ஆனால் அவை கோயில்களும் கோட்டைகளும் அரண்மனைகளுமே. 'படம் எடுக்கத் தக்கது பெரியது' என்னும் எண்ணம் அன்றே வேரூன்றிவிட்டது எனலாம்.

அடுத்து ஸ்டூடியோக்கள் எழுந்தன. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆவணக் காப்புத் திட்டத்தின் துணையுடன், 1880 முதல் 1980 வரையிலான தமிழகத்து ஸ்டூடியோப் படங்களைத் தேடி மின்படிகளாக்கிக் காத்துள்ளனர். நெல்லிக்குப்பத்திலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத் தக்க ஊரில் நடந்த அரும்பணி இது. பழைய ஸ்டூடியோப் படங்களை உற்று நோக்குங்கள். அமர்ந்திருப்பவரின் பக்கத்தில் ஒரு சிறு மேசை. அதன்மேல் பூச்சாடியோ, புத்தகமோ, மேசைக் கடிகாரமோ இருக்கும். கைக்கடிகாரம் கட்டியவர் அது தெரியும்படி மணிக்கட்டைத் திருப்பி வைத்திருப்பார். கடிகாரம் படத்தில் உண்டு. ஆனால் அது கடிகாரமாக இல்லை, அமர்ந்தவரின் அந்தஸ்துக்குச் சாட்சியாக இருக்கின்றது. பல வேளைகளில் அது அவருடையதும் அன்று, ஸ்டூடியோக்காரருடையது.

இதற்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு என்பதை மறுக்கவில்லை. உதகையில் 1960இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் 'இந்து' பிலிம் சுருளை வாங்கியவர்க்குத் தெரியும், ஒவ்வொரு சொடுக்குக்கும் விலை உண்டு என்று. ஒரு சுருளில் பன்னிரண்டு படம். சிறு சுருளாயின் முப்பத்தாறு. அவற்றுள் ஒன்றைத் தாழ்ப்பாளுக்குச் செலவிட எவர் துணிவார்? அந்தச் சுருளும் போயிற்று. அந்த ஆலையும் இயக்கம் நின்றது. இன்று கைப்பேசியில் ஆயிரம் படம் எடுத்தாலும் காசில்லை. எனினும் தாழ்ப்பாள் இன்னும் படமாகவில்லை. எனவே காரணம் காசு மட்டும் அன்று.

ஈண்டு நம் சமுதாயத்துக்கே உரிய ஒரு முரண்பாட்டையும் சுட்டியாக வேண்டும். உயிருள்ளவற்றை உருவமாக வரைவது பற்றி மார்க்க அறிஞர்களிடையே நெடுங்காலமாகக் கருத்தாய்வு நடந்துள்ளது. காமிரா வந்தபின் அது மேலும் விரிந்தது. எகிப்து நாட்டின் முஃப்தியாக 1914 முதல் 1920 வரை விளங்கிய ஷைகு முஹம்மது பகீத் அல்முத்தீஈ, காமிராப் படம் கையால் உருவம் படைப்பதன்று, விழுந்த நிழலைப் பிடித்து நிறுத்துவதே என வாதிட்டு, அது ஆகும் எனத் தனி நூலே எழுதினார். தமிழில் நாம் வழங்கும் 'நிழற்படம்' என்னும் சொல் அவ்வாதத்தைத் தன்னுள் கொண்டிருப்பது எண்ணி மகிழத் தக்கது. அவ்வாதத்தை ஏற்காத உலமாக்களும் இருந்தனர், இருக்கின்றனர். அவ்வழக்கில் தீர்ப்புரைப்பது நம் பணியன்று.

நாம் சுட்ட விழைவது வேறொன்று. உயிரற்ற பொருளைப் பற்றி இரு சாராரிடையேயும் வழக்கே இல்லை. மரத்தையும் உயிரற்ற பொருள்களையும் வரைந்துகொள்ளுமாறு ஓர் ஓவியருக்கு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவுரை கூறிய செய்தி ஹதீஸ் நூல்களில் உண்டு. அவ்வாறிருக்க, நாம் செய்தது என்ன? கருத்து வேறுபாடு உள்ள முகங்களால் ஆல்பங்களை நிரப்பினோம். கருத்து வேறுபாடே இல்லாத கடிகாரத்தையும் கதவையும் பானையையும் ஒரு படமும் எடுக்காமல் விட்டோம். தடை ஏதும் இல்லாத இடத்தில் நம்மைத் தடுத்தது அலட்சியமே.

இனிக் குறிப்பேட்டுக்கு வருவோம். கடிகாரப் படங்களுள் மிகச் சிறந்தது பள்ளிவாசலின் தொழுகை நேரப் பலகை. ஐவேளைத் தொழுகைக்கும் ஜும்ஆவுக்கும் எனத் தனித்தனி வட்டங்கள். ஒவ்வொன்றிலும் கையால் நகர்த்தும் முட்கள். இவை ஓடாத கடிகாரங்கள். ஆயினும் பொய் சொல்லாத கடிகாரங்கள். ஜமாஅத்தின் நேரம் மாறும்போது ஒருவர் வந்து முள்ளைத் திருப்பி வைப்பார். பல பள்ளிகளில் மின்னெழுத்துப் பலகை வந்து இவற்றை அகற்றிவருகின்றது. நம் இளைஞர் பலகையின் நேர் எதிரே நின்று, நான்கு மூலைகளும் செங்கோணமாக அமைய எடுத்துள்ளார். மஃரிபு வட்டத்தில் மட்டும் வண்ணம் தேய்ந்திருப்பது துலங்குகின்றது. கதிரவன் மறையும் நேரத்தோடு அடிக்கடி மாறுவது அந்த முள்தானே! விரல்கள் பட்டுப் பட்டு அவ்விடம் தேய்ந்துள்ளது. அலங்காரம் ஏதும் இன்றி, உள்ளதை உள்ளவாறு காட்டியதால் கிடைத்த பேறு இது.

தேநீர்க் கடைக் கடிகாரத்தில் குறை உண்டு. கண்ணாடியில் எதிர்ச் சன்னலும் படம் எடுத்தவரின் தலையும் பளபளக்கின்றன. பழைய நிழற்படக்காரர் தலையில் கருந்துணியைப் போர்த்திக்கொண்டார் அன்றோ? அந்தக் கருந்துணியைத் தமக்குப் பின்னே விரித்துப் பிடித்திருந்தால் பளபளப்பு மறைந்திருக்கும். மேலும் அவர் பக்கவாட்டில் நின்று எடுத்துள்ளார். முள்ளுக்கும் எண் தட்டுக்கும் இடையே சிறிது இடைவெளி உண்டு. சாய்ந்து நோக்கினால் நிமிடம் மாறித் தெரியும். கடிகாரத்தைப் படம் எடுப்பவர் அதன் நேரத்தையே பிழையாகக் காட்டுவது, சாட்சியின் வாக்குமூலத்தை எழுத்தர் திருத்தி எழுதுவது போன்றது.

அதனினும் பெரிய பிழை ஒன்று உண்டு. அதுவே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் பெரியதாக ஒட்டப்பட்டுள்ள படம், இடிக்கப்பட்ட வீட்டின் கூடத்துப் பெண்டுலக் கடிகாரம். ஒளி அழகு, மரச்சட்டத்தின் வேலைப்பாடு அழகு, முட்கள் பத்து மணி பத்து நிமிடத்தில் பறவைச் சிறகென விரிந்து நிற்கின்றன. நமக்கு ஐயம் எழுந்தது. கடிகார விளம்பரங்களில் எல்லாம் முட்கள் ஏறத்தாழ அந்நிலையில்தான் நிற்கும். இருபுறமும் ஒத்து விளங்கவும், நடுவே உள்ள நிறுவனப் பெயர் மறையாதிருக்கவும் வணிகர் கண்ட உத்தி அது. "இது ஓடிக்கொண்டிருந்ததா?" என்று கேட்டோம். இல்லை என்றார். வாரந்தோறும் சாவி கொடுத்து வந்தவர் அவருடைய பாட்டனார். அவர் மறைந்தபின் எவரும் சாவி கொடுக்கவில்லை. நின்ற நிலையிலேயே அது பல்லாண்டு சுவரில் இருந்தது. படம் அழகாக அமையட்டும் என்று இளைஞர் கண்ணாடிக் கதவைத் திறந்து முட்களை நகர்த்திவிட்டார். முன்பு அவை எங்கே நின்றன என்பதை அவர் குறித்துக்கொள்ளவில்லை. வீட்டாருள் எவருக்கும் நினைவில்லை. பின்னர்க் கடிகாரமும் பழைய சாமான் வாங்குபவரிடம் போய்விட்டது.

எஞ்சியிருப்பது இப்படம் ஒன்றே. அதுவும் அக்கடிகாரம் ஒருபோதும் நின்றிராத நேரத்தைக் காட்டுகின்றது. பாட்டனாரின் கை கடைசியாகத் திருகிய சாவி தீர்ந்த கணத்தை அந்த முட்கள் காத்து நின்றன. ஒரு விரலசைவில் அது அழிந்தது. அழகு கருதிச் செய்ததே. தீய எண்ணம் இல்லை. ஆயினும் எளிய பொருளின் படத்துக்கு இதனினும் பெரிய கேடு வேறு இல்லை. மணமகனின் தலைப்பாகையைத் திருத்திப் படம் எடுப்பது குற்றமன்று. அவர் படத்துக்கெனவே வந்து நிற்பவர். கடிகாரமோ படத்துக்கென நிற்கவில்லை. அது நின்ற நிலையே அது சொல்லும் செய்தி.

உண்ணிப் படங்களைக் கண்டு முகம் சுளிப்போர் இருக்கலாம். நாம் சுளிக்கவில்லை. உண்பதால் உண்ணி எனப் பெயரிட்ட நம் முன்னோர் அதைக் கூர்ந்து நோக்கியவர்களே. இலத்தீன் மொழியில் உண்ணிக்கும் ஆமணக்குக்கும் ஒரே பெயர். குருதி குடித்துப் பருத்த உண்ணி ஆமணக்கு விதையை ஒத்திருப்பதே காரணம். உண்ணி பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று, சிலந்திக்கு உறவு. வளர்ந்த உண்ணிக்குக் கால்கள் எட்டு. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுக்கு ஆறு. அது பறக்காது, தாவாது. புல் நுனியில் ஏறி முன்னங்கால்களை நீட்டிக் காத்திருந்து, உரசிச் செல்லும் உயிரைப் பற்றிக்கொள்ளும். மாட்டுண்ணியின் பெண், குருதி குடிக்குமுன் சில மில்லிமீட்டர் அளவே. குடித்தபின் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவுக்குப் பருத்து, உதிர்ந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பால் மாடு வைத்திருக்கும் ஏழைக் குடும்பத்தின் வருவாயை உறிஞ்சுவது இச்சிற்றுயிரே. இதைவிடப் பொருட்படுத்தத் தக்க பொருள் எது?

நம் இளைஞரின் உண்ணிப் படங்களுள் ஒன்று மெச்சத் தக்கது. பசுவின் காது மடலில் பருத்த பெண்ணுண்ணியும் அதன் அருகே சிறிய ஆணும். காதின் மெல்லிய நரம்புகள் பின்னொளியில் சிவந்து தெரிகின்றன. இத்துணை அருகில் நெருங்கி எடுக்கும்போது தெளிவு ஓரிரு மில்லிமீட்டர் ஆழத்துக்கே கிட்டும். கால் தெளிந்தால் முதுகு மங்கும். அவர் தலையைத் தெளிவாக்கி மற்றதை மங்க விட்டது சரியான தெரிவு. ஆனால் ஆறு படங்களிலும் ஒரு பொதுக்குறை உண்டு. அளவு இல்லை. அருகே ஓர் அளவுகோலோ, நெல்மணியோ, நாணயமோ இல்லை. தாள் முழுதும் நிறைந்து நிற்கும் உண்ணி, ஆமை அளவினதா அரிசி அளவினதா என்று அறியாதவர் எங்ஙனம் அறிவார்?

இது நுணுக்கம் பேசுவோரின் பிடிவாதம் அன்று. உயிர் பற்றிய செய்தி. தமிழ்நாட்டில் பரவலாகக் காணப்படும் ஒரு காய்ச்சலை நாளிதழ்கள் 'உண்ணிக் காய்ச்சல்' என எழுதுகின்றன. ஸ்கரப் டைபஸ் என மருத்துவர் கூறும் அந்நோயைப் பரப்புவது மாட்டுண்ணி அன்று. புதர்களில் வாழும் ஒருவகைச் சிற்றுயிரின் இளம்பருவக் குஞ்சு. அதன் அளவு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. கண்ணுக்குப் புலப்படுவதே அரிது. ஆனால் அச்செய்தியின் மேலே பருத்த மாட்டுண்ணியின் படம் அச்சாகியிருப்பதை நாம் பன்முறை கண்டுள்ளோம். அதைக் காணும் தாய் என்ன செய்வாள்? குழந்தையின் உடலில் பட்டாணி போன்ற உண்ணியைத் தேடுவாள். காணாமல் மன அமைதி கொள்வாள். அவள் தேட வேண்டியதோ அக்குளிலும் தொடையிடுக்கிலும் தோன்றக்கூடிய சிகரெட் சுட்டது போன்ற கருந்தழும்பு. அத்தழும்பும் எல்லார்க்கும் தோன்றுவதில்லை. ஆதலின் காய்ச்சல் நீடித்தால் மருத்துவரிடம் விரைதலே தக்கது. உரிய காலத்தில் கண்டால் எளிய மருந்தால் தீரும் நோய் அது. தாமதித்தால் உயிரைக் குடிக்கும். பெயரும் அளவும் பிழைபட்ட ஒரு படம் செய்யக்கூடிய கேடு இத்துணை.

இத்துறையில் நம் இளைஞர் முன்மாதிரியாகக் கொள்ளத் தக்கவர் தமிழரே. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன் (1912–1996), கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950 தொடங்கி மறையும்வரை இயற்கை பற்றித் தொடர் கட்டுரை எழுதினார். யானையையும் காட்டெருதையும் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துப் புகழ் பெற்றவர் அவர். ஆயினும் காக்கை, அணில், வெள்ளாடு, கழுதை முதலியவற்றுக்கும் அதே மதிப்பளித்து எழுதினார். ஒரு நிறுவனத்தின் காமிரா உடலையும் மற்றொன்றின் லென்சையும் தாமே பொருத்தி அமைத்துக்கொண்ட கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என வேடிக்கையாகப் பெயர் சூட்டியிருந்தார். கருவியின் விலையன்று, நோக்கின் பொறுமையே படத்தை ஆக்கும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று. யானைக்கு ஒரு கண், அணிலுக்கு ஒரு கண் என அவர் வைத்துக்கொள்ளவில்லை. அந்நேர்மை கைவரப்பெற்றால் தாழ்ப்பாளும் படத்துக்குரிய பொருளாகும்.

அவ்வாறாயின் கண்ணில் பட்டதை எல்லாம் சொடுக்கித் தள்ளுவதா? இல்லை. இன்று நம் கைப்பேசிகளில் குவிந்து கிடக்கும் ஆயிரமாயிரம் படங்கள் பெயரின்றி, ஊரின்றி, நாளின்றி, ஒரு நாள் கருவியோடு சேர்ந்தே மறையக் காத்திருக்கின்றன. எளிய பொருளின் படத்துக்கு மூன்று கடமைகள் உண்டு என்போம். முதலாவது, பொருளை அது இருந்த நிலையிலேயே விடுதல். இரண்டாவது, அதன் அளவு விளங்கச் செய்தல். மூன்றாவது, அது யாது, எவருடையது, எவ்வூரது, என்று எடுத்தது என்பதைப் படத்தின் கீழோ பின்புறமோ எழுதுதல். முகத்தைக் கண்டு 'இவர் இன்னார்' என்று சொல்லப் பேரன் ஒருவனாவது இருப்பான். பூட்டைக் கண்டு சொல்ல ஒருவரும் இரார். ஆதலின் முகப்படத்தினும் பூட்டுப் படத்துக்கே எழுத்து இன்றியமையாதது.

இம்மூன்றையும் வைத்து நோக்கினால் நெல்லிக்குப்பத்துக் குறிப்பேட்டின் நாற்பத்தொரு படங்களுள் தேறுபவை பதினைந்து எனலாம். முதல் முயற்சிக்கு இது குறைந்த தொகை அன்று. பள்ளிவாசல் பலகையும் பசுவின் காதும் எந்த ஆவணக் காப்பகத்திலும் இடம்பெறத் தகுதியானவை. அவற்றை எடுத்தவர் தொடர்ந்து எடுக்க வேண்டும். அவரைக் கண்டு பிற ஊர் இளைஞரும் தத்தம் கூடத்தையும் அடுக்களையையும் நோக்கிக் காமிராவைத் திருப்ப வேண்டும். இடிக்கும் ஆள்கள் வருமுன் பழைய வீட்டுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குதல் எவர்க்கும் இயலும்.

இக்குறைகளை எல்லாம் நேரில் கூறியபோது இளைஞர் மறுமொழி ஏதும் கூறவில்லை. முதற்பக்கத்துப் படத்தைக் கிழித்தெறிந்துவிடுவாரோ என அஞ்சினோம். இரண்டு வாரம் கழித்துக் குறிப்பேட்டை மீண்டும் கொணர்ந்தார். படம் அங்கேயே இருந்தது. அதன் கீழே, பாட்டனார் வீட்டுக் கூடத்துக் கடிகாரம் என்றும், ஊர்ப் பெயரும், படம் எடுத்த நாளும் எழுதி, ஒரு வரி சேர்த்திருந்தார்: 'முட்கள் நின்ற நேரம் இதுவன்று, அழகுக்காக அவற்றை நகர்த்தியவன் நான்.' தேறிய படங்கள் பதினாறு ஆயின.